வருமுன் காத்தலின் விலை: ஓர் அறவியல் நோக்கு

மருந்து என்பதை நான்கு கூறுகளாக வகுத்த வள்ளுவர், நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பவற்றை மட்டுமே எண்ணினார். மருந்தை விற்பவனுக்கு அக்கணக்கில் இடமில்லை. பச்சிலையும் வேரும் கைக்கெட்டிய தூரத்திற் கிடைத்த காலத்தில் அவனைத் தனியே எண்ணவேண்டிய தேவை எழவில்லைப் போலும். இற்றை நாளில் நிலைமை வேறு. நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே ஐந்தாமவன் ஒருவன் நிற்கின்றான். விலையை வகுப்பவன் அவனே. அவன் வகுக்கும் விலையின் காரணமாக ஓர் உயிர் பிரியுமாயின், அப்பிரிவுக்கு அறநெறிப்படி பொறுப்பாளி எவர் என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதொன்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிமருந்தின் வரலாறு இவ்வினாவைப் புதியதொரு கோணத்திலிருந்து நோக்க இடந்தருகின்றது.

இந்நோயினால் 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 660,000 பெண்கள் புதிதாகப் பீடிக்கப்பட்டனர். ஏறக்குறைய 350,000 பேர் மாண்டனர். மாண்டவர்களுள் நூற்றுக்கு 94 பேர் வருமானம் குறைந்த நாடுகளையும் இடைத்தர வருமானமுடைய நாடுகளையும் சேர்ந்தோர். புற்றுநோய்கள் பலவற்றுக்குக் காரணம் யாதென்பது இன்னும் முற்றாகத் தெளிவாகவில்லை. இந்நோயின் காரணமோ ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டுவிட்டது. பாலுறவின் வழியே தொற்றும் மனித பப்பிலோமா வைரசுகளுட் சில, கருப்பையின் கழுத்துப் பகுதியிற் பல்லாண்டுகள் தங்கி, அங்குள்ள கலங்களை மெல்ல மெல்லத் திரித்துவிடுகின்றன. ஜேர்மனிய அறிஞரான ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர் 1983இலும் 1984இலும் இவ்வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளைப் புற்றுநோய்க் கலங்களிற் கண்டறிந்தனர். ஏறக்குறைய பத்தில் ஏழு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்கள் இவ்விரு வகைகளாலேயே விளைகின்றன. அக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2006இல், மேர்க் கம்பனியின் 'கார்டசில்' ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பனியின் 'சேர்வாரிக்ஸ்' ஐரோப்பாவிற் சந்தைக்கு வந்தது. தொற்று நேர்வதற்கு முன், சிறுமிப் பருவத்தில் ஏற்றப்படின் இவற்றின் பயன் வியக்கத்தக்கது. ஸ்கொட்லாந்தில் 12 அல்லது 13 வயதில் இத்தடுப்பூசியை முழுமையாகப் பெற்ற பெண்களிடையே இப்புற்றுநோய் ஒன்றேனும் காணப்படவில்லை என்பது 2024இல் வெளியான ஆய்வொன்றின் முடிவாகும்.

அமெரிக்காவில் இம்மருந்து முதலில் விற்கப்பட்ட விலை, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 டொலர். மூன்று தடவைகளுக்கு 360 டொலர். ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் ஒருவரின் ஓராண்டுச் சராசரி வருமானமே அத்தொகையை ஒட்டியதாக இருந்தது.

இவ்விடத்து முரண்பாடொன்று கவனத்துக்குரியது. வளமுள்ள நாடுகளில் இந்நோய் அதற்கு முன்னரே பெருமளவு அடக்கப்பட்டிருந்தது. ஜோர்ஜ் பாப்பனிக்கலோவின் கலப் பரிசோதனை முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்நாடுகளிற் பரவி, புற்றாக மாறுமுன்னரே திரிபுகளைக் கண்டு நீக்க வழிசெய்தது. அதற்குப் பயிற்சி பெற்ற கண்களும், ஆய்வுகூடமும், முடிவை நோயாளிக்கு அறிவித்து அவரை மீண்டும் அழைக்கும் ஒழுங்கும் வேண்டும். இவை இல்லாத நாடுகளிலேயே இந்நோய் தடையின்றி வளர்ந்தது. ஒரு தடுப்பூசியினால் மிகுதியான உயிர்கள் காக்கப்படக்கூடிய இடங்களும் அவையே. ஆயினும் மருந்தின் விலை, அதன் தேவை எங்கே குறைவோ அங்குள்ளோரின் பணப்பையை அளவாகக்கொண்டு குறிக்கப்பட்டது. சந்தை தன் இயல்புப்படி இயங்கியது என்று இதற்கு விடை கூறலாம், அது பிழையன்று. வெள்ளம் தன் இயல்புப்படி பள்ளம் நோக்கிப் பாய்கின்றது என்பதும் பிழையன்று. ஆயினும் அணை கட்டாதவனை அவ்விடை காப்பாற்றுவதில்லை.

பீற்றர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் கூறிய எடுத்துக்காட்டு மெய்யியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. ஆழமற்ற குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகின்றது. உடை நனையுமென்று அஞ்சி அதைத் தூக்காமற் செல்பவனை எவரும் மன்னியார். தொலைநாட்டிற் பட்டினியால் வாடும் குழந்தைக்கும் அக்குளத்துக் குழந்தைக்கும் அறநோக்கில் வேறுபாடில்லை என்பது அவர் வாதம். வலிமை வாய்ந்த வாதந்தான். எனினும் தடுப்பூசி விடயத்தில் அது முழுமையாகப் பொருந்துவதில்லை. இங்கே குளத்தில் எவரும் மூழ்கவில்லை. கரையிலே பன்னிரண்டு வயதுச் சிறுமியர் ஆரோக்கியமாக விளையாடிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் ஒரு சிலர் இருபது, முப்பது ஆண்டுகளின் பின் மூழ்குவர். அவர் எவரென்பது எவருக்கும் தெரியாது, அவர்களுக்குந் தெரியாது. காப்பாற்றப்பட்டவளும் தான் காப்பாற்றப்பட்டதை என்றுமே அறியாள்.

இவ்வறியாமை அரசியல் விளைவுடையது. எயிட்ஸ் நோயாளருக்கான மருந்தின் விலை ஆண்டுக்கு 10,000 டொலருக்கு மேலாக இருந்த காலத்தில், தென்னாபிரிக்காவிலே நோயுற்றவர்கள் தாமே வீதியில் இறங்கினர். அந்நாட்டு அரசின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்த 39 கம்பனிகள் 2001 ஏப்பிரலில் அவ்வழக்கை மீளப்பெற்றன. அதே ஆண்டில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைந்த விலையில் அம்மருந்துகளைத் தர முன்வந்தது. உரிமை கோரும் குரல் இருந்தமையால் விலை இறங்கியது. தடுப்பூசிக்கு அத்தகைய குரல் இல்லை. நாற்பது வயதிற் குருதிப்போக்குடன் வைத்தியசாலைக்கு வரும் தாய்க்கு அவ்வூசி பயன்படாது. பயன்படக்கூடிய மகளோ அதைக் கேட்க அறியாள். கேட்பாரற்ற உரிமை உரிமையாகுமா என்னும் ஐயம் சட்டவறிஞருக்கு எழலாம். அறவியலில் அதற்கு இடமில்லை. தன் உரிமையைத் தானே கோர இயலாதவரிடத்துப் பிறரின் கடமை கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை.

கம்பனிகளின் பக்கத்து நியாயத்தையும் ஒதுக்கிவிடலாகாது. பல்லாயிரக்கணக்கான பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்தே இவ்வகை மருந்தின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படுகின்றன. அதற்கான செலவு பெரிது. தோல்வியுறும் முயற்சிகளின் செலவையும் வெற்றிபெற்ற மருந்தே சுமக்கவேண்டியுள்ளது. இலாபத்தின் நம்பிக்கை அற்றுப்போயின் அடுத்த தடுப்பூசிக்கு எவர் முதலிடுவர் என்று அவை கேட்கின்றன. எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. மருந்துக் கம்பனி என்றவுடனே இரத்தம் உறிஞ்சும் அட்டையின் உருவத்தை வரைந்துவிடுவது மேடைக்கு உதவுமன்றி ஆராய்ச்சிக்கு உதவாது.

எனினும் அந்நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது, பொருள் எவருடைய உழைப்பால் உருவாயிற்று என்பதைப் பொறுத்தது. உழைப்பைக் கலந்தவனுக்கே பொருளிற் சொத்துரிமை என்று வாதித்த ஜோன் லொக், பிறருக்கும் போதிய அளவு நல்லது எஞ்சியிருத்தல் வேண்டுமென்ற நிபந்தனையை அதனுடன் சேர்த்திருந்தார். அந்நிபந்தனையை அவரை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றனர். இத்தடுப்பூசியின் அடிப்படை, வைரசின் மேலுறைப் புரதம் தானாகவே ஒன்றுகூடி, உள்ளீடற்ற வைரசு உருவைப் பெறும் என்னும் அறிவாகும். 1991இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியன் சூவும் இதற்கு வழிதிறந்தனர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டக்ளஸ் லோவி, ஜோன் சில்லர் ஆகியோர் அதனை மேலும் வளர்த்தனர். பொதுமக்களின் வரிப்பணம் ஊட்டிய நிறுவனங்களில் விளைந்த அறிவே பின்னர் ஆக்கவுரிமைப் பத்திரங்களாக மாறிக் கம்பனிகளின் கையை அடைந்தது. கம்பனிகளின் உழைப்பு உண்மை. அது ஒரு நெடிய தொடர்கதையின் பிற்பகுதி என்பதும் உண்மை.

அத்தொடர்கதையின் முற்பகுதியிலே ஒரு கறுப்பினப் பெண்ணும் இருக்கின்றாள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1951 ஒக்டோபரில், ஹென்றியற்றா லக்ஸ் என்னும் பெண் தனது 31ஆம் வயதில் இதே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயினால் இறந்தாள். அவளுடைய புற்றிலிருந்து, அவளிடங் கேளாமலே எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடங்களிற் சாகாமற் பெருகின; 'ஹீலா' என்ற பெயரில் உலகெங்கும் பரவின; விற்கவும் பட்டன. அக்கலங்களினுள்ளே 18ஆம் வகை வைரசு உறைந்திருந்தமை 1984இல் அறியப்பட்டது. நோயின் காரணத்தை உறுதிசெய்த சான்றுகளுள் அதுவுமொன்று. அவளுடைய குடும்பத்தினர் நெடுங்காலம் எதையும் அறியாதிருந்தனர். அவர்கள் தொடுத்த வழக்கொன்றில், கலங்களை வணிகத்திற் பயன்படுத்திய ஒரு கம்பனி இணக்கத்துக்கு வந்தது 2023இலேயே. தடுப்பூசியின் விலையை வகுத்தோர் ஆராய்ச்சிச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது அவளுடைய பங்கை எந்த நிரலில் எழுதினர்?

விலை என்பது இயற்கை நியதி அன்று என்பதைப் பின்னைய வரலாறு காட்டியது. வறிய நாடுகளுக்குத் தடுப்பூசிகளை மொத்தமாக வாங்கித்தரும் 'காவி' என்னும் கூட்டமைப்பு 2013இல் நடத்திய பேரத்தின் முடிவில், மேர்க் கம்பனி ஒரு தடவைக்கான மருந்தை 4.50 டொலருக்கும், மற்றைய கம்பனி 4.60 டொலருக்கும் தர உடன்பட்டன. அதுவும் மிகையான விலை என்று எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு குறைகூறியது. பின்னர், 2021இல், சீனாவிலே தயாரிக்கப்பட்ட மருந்தொன்று உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகைமை பெற்று, 3 டொலருக்கும் குறைவாக இக்கூட்டமைப்புக்குக் கிடைக்கலாயிற்று. இந்தியாவிலே பூனே நகரின் சீரம் நிறுவனம் தயாரித்த 'சேர்வாவக்' 2022இல் அனுமதி பெற்றது. இதுவும் புதிய கதையன்று. ஈரற் புற்றுநோயைத் தடுக்கும் முதல் மருந்தாகிய ஈரலழற்சி 'பி' தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, மூன்று தடவைகளுக்கு 100 டொலரளவில் விற்கப்பட்டது. கொரியாவிலும் பின்னர் ஐதராபாத்திலும் உற்பத்தியாளர் தோன்றியதன் பின்னரே வறிய நாடுகளுக்கு எட்டும் விலைக்கு இறங்கியது. இறங்குவதற்கு எடுத்த ஆண்டுகளிற் பிறந்த குழந்தைகளுக்குப் பின்னைய மலிவினால் யாதொரு பயனுமில்லை. போட்டி விலையைக் குறைக்கும் என்பவர்கள், அப்போட்டி தோன்றுவதற்குள் கழிந்த காலத்தின் கணக்கைச் சொல்வதில்லை. அக்காலத்தை நீட்டித்தவை சட்டங்கள். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக ஒழுங்கு அவற்றை நாடுகள் பலவற்றின் மீதும் விரித்தது. வறியோரிடத்துச் செல்வருக்குள்ள கடமை உதவிசெய்தல் மாத்திரமன்று, தீங்குசெய்யும் விதிகளைத் திணியாதிருத்தலுமாம் என்ற தோமஸ் பொக்கேயின் வாதம், சிங்கரின் குளத்தைவிட இவ்விடத்துக்கு நெருங்கிப் பொருந்துகின்றது.

இத்தடுப்பூசியை நாடு முழுவதும் ஏற்றத் துணிந்த முதல் ஆபிரிக்க நாடு றுவாண்டா. இனப்படுகொலை நிகழ்ந்து பதினேழே ஆண்டுகள் கழிந்திருந்த 2011இல், மேர்க் கம்பனி மூன்றாண்டுகளுக்கு இலவசமாகத் தர முன்வந்த மருந்தைக்கொண்டு ஆறாம் வகுப்புச் சிறுமியர்க்கு ஊசியேற்றத் தொடங்கியது. முதலாண்டிலேயே நூற்றுக்கு 93 பேரை எட்டியது. செல்வ நாடுகள் பல அன்று எட்டாத அளவு அது. எனினும், ஈர்ப்புவலியும் சின்னமுத்தும் போன்ற நோய்களுக்கான காப்பு நிறைவுபெறாத கண்டத்திலே இது முன்னுரிமை பெறத்தக்கதா என்று ஜேர்மனியிலிருந்து சில ஆய்வாளர்கள் 'லான்செற்' இதழில் வினவினர். றுவாண்டாவின் சுகாதார அமைச்சர் அக்னெஸ் பினக்வாஹோவும் அவரோடு சேர்ந்தோரும் மறுமொழி எழுதினர். எயிட்ஸ் நோய்க்கு மருந்து கேட்டபோதும் ஆபிரிக்கருக்கு இதே தடை கூறப்பட்டதென்றும், நோய் மாறினும் இரட்டை அளவுகோல் மாறவில்லையென்றும் அவர்கள் சுட்டினர். அம்மறுமொழியிற் கோபம் தொனிக்கின்றது. அது நியாயமான கோபமே. முன்னுரிமை வாதம் விலையை மாறாதவொன்றாகக் கொண்டு தொடங்குகின்றது. 360 டொலரில் ஆடம்பரமாகத் தோன்றும் பொருள் 3 டொலரில் அவசியமாகிவிடுமாயின், ஆராயவேண்டியது வறியவரின் முன்னுரிமையையா, வகுக்கப்பட்ட விலையையா?

றுவாண்டாவுக்குக் கிடைத்தது கொடை. கொடையின் பயனை மறுப்பதற்கில்லை. 2014 முதல் காவிக் கூட்டமைப்பின் உதவி அதனைத் தொடர்ந்தது. அவ்வுதவி கிட்டியிராவிடின், நான்காம் ஆண்டில் ஆறாம் வகுப்புக்கு வந்த சிறுமி எவரிடத்து முறையிட்டிருப்பாள்? கொடையாளன் கொடுத்ததற்குப் புகழ் பெறுகின்றான், கொடாமைக்குப் பழி பெறுவதில்லை. உரிமையின் இயல்போ நேர்மாறானது. கொடுத்தவனுக்கு நன்றி தேவையில்லை, கொடாதவனுக்குக் குற்றமுண்டு. ஒரு நாட்டின் சிறுமியரின் உயிர் இவ்விரண்டில் எதன்மேல் நிற்றல் வேண்டும் என்பதைத் தெரிவதற்கு நீண்ட தருக்கம் வேண்டியதில்லை.

மிக வறிய நாடுகளுக்குக் கூட்டமைப்பின் விலையுண்டு. செல்வ நாடுகளுக்குச் செல்வமுண்டு. தலாவருமானத்தில் ஓர் எல்லைக்கோட்டைச் சற்றே கடந்த நாடுகள் இரண்டுக்கும் வெளியே நிற்கின்றன. சராசரி வருமானம் உயர்ந்ததென்று கணிக்கப்பட்ட நாட்டிலே ஏழைப்பெண்ணின் வருமானமும் உயர்ந்துவிட்டதாகக் கொள்வது எண்கணிதத்தின் ஏமாற்று. இலங்கை 2017இல் ஆறாந்தரப் பாடசாலைச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைத் தேசிய திட்டத்திற் சேர்த்துக்கொண்டது. இலவச சுகாதார சேவையின் மரபும், பாடசாலை வழியாக ஊசியேற்றும் நெடுநாட் பழக்கமும் இல்லாதிருப்பின் அது எளிதாகியிராது. அத்தகைய மரபில்லாத இடைத்தர நாடுகள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தன.

பணமிருந்தும் மருந்து கிடைக்காத காலமும் வந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் உலகளாவிய தட்டுப்பாடு தோன்றியபோது, சிறுவர்க்கும் வயது கூடிய பெண்களுக்கும் ஏற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்தி, எஞ்சும் மருந்தைச் சிறுமியர்க்கு ஒதுக்குமாறு உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தோ அதே ஆண்டு செப்டெம்பரிலேயே தன் சிறுவர்க்கு ஏற்றத் தொடங்கியிருந்தது. சிறுவர்க்கும் இவ்வைரசினாற் தொண்டைப் புற்று முதலியன வருவதுண்டு; ஆதலால் அவர்க்கு ஏற்றுவது தன்னளவிற் குற்றமன்று. தன் மகனின் சிறிய ஆபத்துக்கும் பிறர் மகளின் பெரிய ஆபத்துக்கும் இடையே ஓர் அரசு தெரிவுசெய்ய நேரும்போது, தன் குடிமகனையே முதலிற் காக்கும் கடமை அதற்குண்டு என்ற வாதம் நிற்குமா என்பதே சிக்கல். அக்கடமை உண்டு, ஆயின் அளவற்றதன்று. தன் பிள்ளைக்குச் சோறூட்டுவது தந்தையின் கடமையாயிருத்தலால், பஞ்சகாலத்தில் ஊர்க் களஞ்சியத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் உரிமை அவனுக்கு வந்துவிடுவதில்லை.

விலையைக் குறைப்பதோடு அறம் நிறைவெய்திவிடும் என்று எண்ணுவோருக்கு இந்திய அனுபவம் கசப்பானதொரு பாடம். 2009இல் ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்திலும் (இன்று அது தெலங்கானாவைச் சேர்ந்தது) குஜராத்தின் வடோதராவிலும், கம்பனிகள் இலவசமாகத் தந்த மருந்தைக்கொண்டு, அமெரிக்க அரசுசாரா நிறுவனமொன்றின் ஏற்பாட்டில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சிறுமியர்க்கு ஊசியேற்றப்பட்டது. அவர்களுட் பலர் பழங்குடியினர். விடுதிகளிற் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமியர் இறந்தனர் என்ற செய்தி பரவி, 2010 ஏப்பிரலில் எல்லாம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமன்று என்றே விசாரணைக் குழு கண்டது. வேறொன்றையும் அது கண்டது. பெற்றோரின் சம்மதத்தைப் பெறவேண்டிய படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையொப்பமிட்டிருந்தனர். இந்தியப் பாராளுமன்றக் குழுவொன்று 2013இல் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. இலவசம் என்பதனால் கேட்கவேண்டியதில்லை என்று கருதப்பட்டது போலும். உயிர்களைக் காக்கும் மருந்தே ஆயினும், ஏழையின் மகளுக்கு அதைச் சொல்லாமற் செலுத்துவோர் அவளை மனிதப் பிறவியாக மதித்தாரல்லர். மலிவாக வேண்டியது மருந்து, அவளுடைய சம்மதமன்று. அந்நிகழ்ச்சி விளைத்த அவநம்பிக்கை அந்நாட்டிற் பல்லாண்டுகள் இத்தடுப்பூசியைப் பின்தள்ளியது.

அந்நிறுத்தத்தின் மற்றொரு விளைவு எவரும் எதிர்பாராதது. அதே காலத்தில் இந்தியாவில், கம்மம் திட்டத்தோடு தொடர்பற்ற வேறோர் ஆய்வு, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் பொறுப்பில் நடந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்பதே அவ்வாய்வின் வினா. அரசின் ஆணையால் அதிலும் ஊசியேற்றல் இடைநின்றது. ஏறக்குறைய 5,000 சிறுமியர் ஒரேயொரு தடவையோடு நின்றுவிட்டனர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாது தொடர்ந்து அவதானித்தனர். பத்தாண்டுகளின் பின், 2021இல் வெளியான முடிவு, ஒரு தடவை பெற்றோருக்கும் ஏனையோருக்கொத்த காப்பு இருந்ததைக் காட்டியது. கொஸ்தாரிக்காவிலும் கென்யாவிலும் கிடைத்த சான்றுகளும் அதற்கு அரணாயின. 2022 டிசெம்பரில், 9 முதல் 20 வயதுவரை ஒரு தடவையே போதும் என்ற தெரிவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. எந்தப் பேரமும் செய்யாத அளவுக்குச் செலவு ஒரே நாளிற் குறைந்தது. நைஜீரியா 2023 ஒக்டோபரில் இலட்சக்கணக்கான சிறுமியர்க்கு ஏற்றத் தொடங்கியபோது தந்தது அந்த ஒற்றை ஊசியையே.

பால்டிமோரில் கேளாமல் எடுக்கப்பட்ட கலங்களும், இந்தியாவில் நிறைவுறாத ஊசிகளும் ஒரே தன்மையன அல்ல. பின்னையது ஒருவரும் திட்டமிடாதது, அதிற் பங்குகொண்டோர் ஆய்வுக்குச் சம்மதித்தோர். ஆயினும் இரண்டிலும் வறியவரின் உடலிலிருந்தே உலகின் அறிவு கூடியிருக்கின்றது. இதனை ஏற்றுக்கொண்டால் 'உதவி' என்னும் சொல் இவ்விடயத்திற் பொருத்தமிழக்கின்றது. கடனைத் திருப்பித் தருபவன் தன்னை வள்ளல் என்று அழைத்துக்கொள்வதில்லை.

கடன் இன்னும் தீரவில்லை. 2006இல் பன்னிரண்டு வயதினளாயிருந்த சிறுமி இன்று முப்பதைக் கடந்துவிட்டாள். விலை உயர்ந்திருந்த ஆண்டுகளிலேயே அவளுக்குரிய வயது கழிந்தது; 3 டொலர் மருந்து அவளுக்கு மிகப் பிந்தியே வந்தது. அவளுக்கு வேண்டியது பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த திட்டம், 2030ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு 90 சிறுமியர்க்குத் தடுப்பூசியையும், நூற்றுக்கு 70 பெண்களுக்கு 35 வயதிலும் மீண்டும் 45 வயதிலும் பரிசோதனையையும், நோய் கண்டோரில் நூற்றுக்கு 90 பேருக்குச் சிகிச்சையையும் குறித்தது. முதலாவது இலக்கைப் பற்றியே மாநாடுகளில் மிகுதியாகப் பேசப்படுகின்றது. ஊசியை எண்ணுவது எளிது, படம் பிடிப்பதும் எளிது. வைரசைக் கண்டறியும் சோதனையும், திரிந்த கலங்களை வெப்பத்தினால் அழிக்கும் சிறு கருவியும், அதைக் கையாளப் பயின்ற ஒரு தாதியும் கிராமத்து வைத்தியசாலைக்கு வந்துசேர்ந்தால், முப்பதைக் கடந்த அப்பெண்ணுக்கு இன்னும் காலமுண்டு.